கல்யாண கேசட் ஓடுகிற நேரம்

தருவைப்பட்டியில் கல்யாண கேசட் ஓடுகிற நேரத்தில் யாரும் அடுப்பில் எண்ணெய் காயவிடுவதில்லை, பைக்கை எடுப்பதில்லை, சவரக்கடையில் கன்னத்தைக் கொடுத்துவிட்டு உட்காருவதில்லை. அம்மன் கோவில் குழாய் ரேடியோவில் இன்னார் வீட்டுக் கேசட் என்று சொன்னதும், அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தவர்களெல்லாம் கையில் இருந்ததைக் கீழே வைத்து, இடுப்புப் பிள்ளையை இறக்கிவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்து, தங்கள் கைகால்களைக் கேசட்டின் பொறுப்பில் விட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாகத் தெரியலாம். ஊருக்கு அது தண்ணீர் விடுகிற நேரம், கரண்ட் போகிற நேரம் மாதிரி இன்னொரு நேரம், அவ்வளவுதான்.

ஜெபமணி அண்ணாச்சியின் ஸ்டூடியோவில்தான் எல்லாம் தொடங்கியது. ஊரில் ஒரு காலத்தில் நடந்த கல்யாணம் அத்தனையும் அவர் தோளில் சுமந்த கேமராவுக்குள் போனதுதான்; சிகரெட் பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னக் கேசட்டுகள், பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் அந்துருண்டை வாசத்தோடு வீட்டுக்கு வீடு கிடந்தன. துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்த பிள்ளைகள் அப்பா அம்மா கல்யாணத்தை செல்போனில் பார்க்கவேண்டும் என்று கேட்க ஆரம்பித்ததும், அண்ணாச்சி பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்து, அதிலிருந்து ஒரு வயரை இழுத்து ஒரு சின்னப் பெட்டியில் செருகி, பெட்டிக்குள் நகம் அளவு மெமரி கார்டைப் போட்டு, கேசட்டை ஓடவிட்டுக் கார்டில் ஏற்றி, கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, கொட்டாவி விடுகிறவர்களையும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறவர்களையும் வெட்டி, பாட்டு சேர்த்துக் கொடுத்தார். வெட்டுகிற வேலையை எவ்வளவு வேகமாகவும் செய்யலாம். கேசட்டை மட்டும் விரட்ட முடியாது. ஒரு மணி நேரக் கல்யாணம் கார்டில் ஏற ஒரு மணி நேரம் ஆகும்.

முதலில் ஏறியது அரிசிக்கடை லிங்கதுரை வீட்டுக் கல்யாணம். திரையில் கெட்டிமேளம் கேட்கவும் மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தர் கையை ஓங்கி அட்சதை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, தற்செயலாக ஜன்னல் பக்கம் திரும்பியபோது, அதே ஆள், இப்போது தலை வழுக்கையாகி, எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு கையிலிருந்த சூடான டீயை அதே மாதிரி ஓங்கி வீசியதைக் கண்டார். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறையை வீசினார். ரேஷன் கடை வரிசையில் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் குலவை போட்டார்கள். அண்ணாச்சி "அட" என்றார். பிறகு லிங்கதுரை மகன் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்ததால் வேலையைப் பார்த்தார். மற்றவர்கள் அதை வாய்வுக் கோளாறு என்று நினைத்து மெடிக்கலில் மருந்து வாங்கிக் குடித்தார்கள்.

இரண்டு மூன்று கேசட் ஓடி முடிந்ததும் ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. ஏன் இப்படி என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை, எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் குறியாக இருந்தார்கள். கேசட் போடுவதற்கு முதல் நாளே கோவில் ரேடியோவில் சொல்லிவிடவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வாட்ஸப்பில் தகவல் போனது. மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிற ஒருத்தன் தாய்மாமன் கேசட்டுக்கு லீவு கேட்டு, காரணத்தைச் சொல்ல முடியாமல் வயிற்றுப்போக்கு என்று எழுதிக் கொடுத்தான். பந்தி ஓடுகிறபோது வெறும் வாயை மென்றவர்களுக்கு ருசி தெரியவில்லை, ஏப்பம் மட்டும் வந்தது. மாப்பிள்ளை அழைப்பில் ஆடியவர்கள் முட்டி தேய்ந்த இந்த வயதில் மறுபடி அதே ஆட்டத்தை ஆடி முடித்து ஒரு வாரம் தைலம் தடவிக் கிடந்தார்கள். மதுரைக்கு வேலையாகப் போயிருந்தேன் என்று என்றைக்கோ பெண்டாட்டியிடம் சத்தியம் பண்ணியிருந்த ஒருத்தர், அவள் கண்ணெதிரிலேயே எழுந்து நின்று, அவள் போகவே கூடாது என்று சொல்லியிருந்த வீட்டுக் கல்யாணத்தில் சந்தனம் பூசிக்கொண்டார். அந்த வீட்டில் கொஞ்ச நாள் சமையல் இல்லை.

கைகால் ஆடுவதோடு போகவில்லை, தொடுவதும் வந்தது. கேசட்டில் உன் தலையில் கை வைத்து வாழ்த்தியவர் இன்றைக்கு எந்தச் சீமையில் இருந்தாலும், அவர் அங்கே கையைத் தூக்குவார், இங்கே உன் உச்சந்தலையில் கனம் தெரியும். உயிரோடு இருக்கிறவர்களின் கை மட்டும்தான் அப்படி வரும். செத்துப்போனவர்கள் கை வைத்த இடத்தில் ஒன்றும் இராது. தலை தானாகக் குனியும், கொஞ்ச நேரம் காத்திருக்கும், தானாக நிமிரும். மீன் கமிஷன் கடைக்காரர் தன் கேசட் ஓடுகிறபோது அப்பாவின் கை வராது என்று தெரிந்து மனதைத் தேற்றிக்கொண்டுதான் உட்கார்ந்தார். மும்பையில் இருக்கிற அக்காவின் கையும் வரவில்லை. எழுந்து முகத்தைக் கழுவி, தம்பி தங்கைகளை வரச்சொல்லி, எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் மும்பையிலிருந்து போன் வந்தது. அதிலிருந்து ஊரில் யாரும் கேசட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு கேசட்டுக்கு ஒரு தடவைதான் இந்தச் சக்தி. கார்டில் ஏறிவிட்டால் அப்புறம் அது வெறும் படம், நூறு தடவை போட்டாலும் ஒரு சுண்டுவிரல்கூட அசையாது. ஊரில் எந்தக் கேசட் ஓடினாலும் அசையாமல் இருக்கிறவர் ஜெபமணி அண்ணாச்சி ஒருத்தர்தான். எல்லாக் கல்யாணத்துக்கும் அவர் போனவர்தான் என்றாலும் எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர், அதனால் எதிலும் அவர் இல்லை. மிஷினைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளாவது ஆடாமல் இருப்பது நல்லதுதானே என்று ஊரும் நினைத்தது.

தங்கபுஷ்பத்தின் கேசட் மட்டும் பீரோவிலேயே கிடந்தது. அவள் உப்பு பாக்கெட் போடுகிற கம்பெனிக்குப் போய்வருகிறவள். மாமியார் உலகம்மாளும் அவளுமாக ஓட்டு வீட்டில் இரண்டே பேர். புருஷன் செந்தூர்பாண்டி லாரி டிரைவர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, உப்பு லோடு ஏற்றிக்கொண்டு நெல்லூர்ப் பக்கம் போனான், லோடை ஒழுங்காக இறக்கினான், திரும்புகிற வழியில் ஒரு புளியமரத்தடியில் லாரியை ஓரங்கட்டி, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி மடித்து சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். எங்கே போனான் என்று பதின்மூன்று வருஷமாகத் தெரியவில்லை. ஊர்க் கல்யாணம் எதிலும் அவன் தலை காட்டியதில்லை, லாரி எப்போதும் வெளியூரில்தான் கிடக்கும். ஆகவே அவன் கை பட்ட கேசட் ஊரில் இது ஒன்றுதான்.

தங்கபுஷ்பம் பொட்டு வைத்துக்கொண்டாள், தாலியைக் கழற்றவில்லை. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டோடு வருகிற பெண்கள் அவளிடம் வந்ததும் ஒரு கணம் தயங்குவார்கள், நீட்டவும் முடியாமல் தாண்டிப் போகவும் முடியாமல்; அவளே ஒரு துளி எடுத்துக்கொண்டு அவர்களை அந்தச் சங்கடத்திலிருந்து விடுவிப்பாள். முதல் இரண்டு வருஷம் அழுதாள். பிறகு அது நின்றுபோனது, எப்போது நின்றது என்று அவளுக்கே ஞாபகமில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சோறு வடித்தாள். யாராவது நல்ல வார்த்தை சொன்னால் சிரித்தாள், கெட்ட வார்த்தை சொன்னாலும் ஏறக்குறைய அதே சிரிப்புத்தான்.

மும்பைக்காரியின் கை வராத கதை ஊரெல்லாம் பரவிய பிறகு, மாமியாரும் மருமகளும் கேசட் பேச்சையே எடுக்காமல் பல நாள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கிழவிதான் கேட்டாள்.

"ஏட்டி புஷ்பம், நம்ம கேசட்டையும் ஓட்டிப் பாப்பமா?"

"பாக்கலாம் அத்தை."

"உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

"எனக்கென்ன சங்கடம்."

அப்படிச் சொல்லிவிட்டு, அவன் இருக்கவேண்டும் என்று தனக்கு ஆசையா, இல்லாமல் போயிருக்கவேண்டும் என்று ஆசையா என்று அவள் தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தை விரலால் அழுத்திப் பார்ப்பது மாதிரி இருந்தது. அழுத்துவது தெரிந்தது, வலி தெரியவில்லை. சரி, எதுவானாலும் தெரிந்தால் போதும், பாதிப் பொட்டும் பாதிச் சுமங்கலியுமாக இருப்பது முடிந்தால் போதும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அண்ணாச்சி கேசட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே நாடா ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"பூஞ்சை புடிச்சிருக்கு தங்கச்சி. ஒரு தடவ ஓடும். அதுவும் முழுசா ஓடும்னு நான் சொல்ல மாட்டேன். விட்டு விட்டுத்தான் வரும்."

"எது ஓடுதோ அது ஓடட்டும் அண்ணாச்சி."

"வீட்லயே இருந்துக்கிடுதியா? எல்லாரும் அப்படித்தான் இருப்பாவ."

"இங்கயே இருக்கேன். இத்தன வருசம் வீட்ல இருந்து என்னத்தக் கண்டேன்."

உலகம்மாள் வர மறுத்துவிட்டாள். கல்யாணத்தன்று மகன் ஆசீர்வாதம் வாங்க அவள் காலில் விழுந்தானே, வந்தால் இன்றைக்கும் அவள் காலுக்குத்தானே வரவேண்டும், அதை அவள் தன் வீட்டில் இருந்துதான் வாங்குவாள். காலையிலேயே குளித்து, காலை மஞ்சள் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவில் சொல்கிறவர் செந்தூர்பாண்டி தங்கபுஷ்பம் கல்யாணக் கேசட் என்று சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, "எல்லாரும் செத்த நேரம் உக்காந்திருங்க" என்று சொன்னார். அந்தக் கல்யாணத்துக்குப் போகாதவர்களும், ஊருக்கு அதற்குப் பின்னால் மருமகளாக வந்தவர்களும்கூட உட்கார்ந்தார்கள். உப்பு கம்பெனியில் மிஷினை நிறுத்தினார்கள்.

ஸ்டூடியோவில் மேஜையை ஒரு பக்கமாகத் தள்ளி இடம் விட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டிருந்தார் அண்ணாச்சி. கதவைத் திறந்து வைத்தார். கேசட்டைக் கேமராவுக்குள் வைத்து மூடி, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, பட்டனை அமுக்கினார்.

அவள் எழுந்தாள். அவளாக எழவில்லை, உடம்பு எழுந்தது. தலை குனிந்தது, கால் சின்னச் சின்ன எட்டாக வைத்தது. இடது முழங்கையை ஒரு கை பிடித்தது. அவளோடு படித்த செல்வராணியின் கை, இப்போது சிவகாசியில் இருக்கிறாள், நன்றாக அழுத்திப் பிடித்திருந்தாள். வலது முழங்கையை அன்றைக்குப் பிடித்தது சித்தி. சித்தி போன வருஷம் போய்விட்டாள், அந்தப் பக்கம் வெறும் காற்றாக இருந்தது. ஒரு பக்கம் கையும் ஒரு பக்கம் காற்றுமாக அவள் நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவின் விரல் நெற்றியில் பட்டது. யாரோ ஒரு குழந்தை, இன்றைக்குக் கல்லூரியில் படிக்கிற பிள்ளையாக இருக்கும், அவள் மடியில் ஏறி இறங்கியது, ஒரு கணம் மூச்சு முட்டியது.

மாலை மாற்றுகிற இடத்தில் பூஞ்சை வந்துவிட்டது. திரை கட்டம் கட்டமாக உடைந்தது. தூக்கிய கைகள் பாதியில் நின்று நடுங்கின, தோளில் மாலை விழுந்ததா விழவில்லையா என்று சொல்லத் தெரியாதபடி உடம்பு முழுக்க ஓர் இரைச்சல் ஓடியது. அண்ணாச்சி கேமராவின் தலையில் லேசாகத் தட்டினார். கெட்டிமேளம் கேட்டது, பிறகு அதுவும் அறுந்தது. கொஞ்ச நேரம் நீலத் திரை மட்டும் ஓடியது. அவள் நாற்காலியில் அவளாகவே உட்கார்ந்திருந்தாள்.

"போயிருச்சா அண்ணாச்சி?"

"இரு. வரும்."

வந்தது. படம் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. அவள் தலை குனிந்தது, கழுத்தின் பின்பக்கம் விரல்கள் பட்டன. சந்தேகமே இல்லை, சூடான, உயிருள்ள விரல்கள். கயிறு கழுத்தில் இறுகியது, ஒரு முடிச்சு விழுந்தது.

இருக்கிறான். எங்கேயோ ஓர் ஊரில் இந்த நிமிஷம் நின்றுகொண்டு கையைத் தூக்கி முடிச்சுப் போடுகிறான். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. பதின்மூன்று வருஷமாக வராத கோபம் மொத்தமாக வந்தது. சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனானே, ஒரு கசங்கல் இல்லாமல் மடித்தானே, அந்த நிதானத்தில் ஒரு போன் போட அவனுக்கு முடியவில்லையா, சாவியை மட்டும் முதலாளிக்கென்று வண்டியில் விட்டவன் பெற்றவளுக்கும் கட்டியவளுக்கும் ஒரு வார்த்தை விடக்கூடாதா, நாசமாய்ப் போகிறவன். அவளுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. வாய் அவளுடையதாக இல்லை.

இரண்டாவது முடிச்சு விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. மூன்றும் ஒரே விரல்கள்.

அவள் கோபம் அந்த இடத்தில் தடுக்கி நின்றது. முதல் முடிச்சுத்தான் மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. அவள் கழுத்தில் அன்றைக்கு அந்த இரண்டையும் போட்டது செந்தூர்பாண்டியின் அக்கா, கண்ணாடி வளையல் கழுத்தில் உரசியதுகூட நினைவிருக்கிறது. இப்போது வளையல் உரசவில்லை. குனிந்த தலைக்குக் கண்ணை மட்டும் சுழற்ற முடிந்தது. சிமெண்டுத் தரையில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நிழல் விழுந்திருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிற ஓர் ஆளின் நிழல். அதன் இரண்டு கைகளும் மார்புக்கு நேராகக் காற்றில் எதையோ இழுத்து முடிந்துகொண்டிருந்தன. நிழல் விரலைப் பிரித்தபோது அவள் கழுத்தில் பிடி விட்டது.

படம் தாவியது. அவள் எழுந்தாள், வலது கையின் சுண்டுவிரல் வளைந்து முன்னால் நீண்டது, மணவறையைச் சுற்றக் கால் கிளம்பியது. இந்த இடத்தில் ஒரு பூஞ்சையும் இல்லை, மஞ்சள் பட்டும் புகையும் பளிச்சென்று ஓடின. திரையில் செந்தூர்பாண்டி அவள் விரலைக் கோத்துப் பிடித்துக்கொண்டு முன்னே போனான். ஸ்டூடியோவில் அவள் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுற்றி வந்தாள், வளைந்த விரலில் யாரும் இல்லை. முதல் சுற்றில் இல்லை, இரண்டாவது சுற்றில் இல்லை. மூன்றாவது சுற்றில் அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அப்படியே முழங்கால் மடங்கி, குனிந்து, இரண்டு கைகளும் தரையில் போய்ப் பட்டன. மாமியார் காலில் விழுகிற இடம். சிமெண்டுத் தரைக்குப் பதில் வெடித்த குதிகாலும் மெட்டி இல்லாத விரலும் கைக்குத் தட்டுப்பட்டன, கழுவிய ஈரத்தோடு. கேசட் அங்கே கிரீச்சென்று கத்திவிட்டு நின்றது.

அண்ணாச்சி தன் இரண்டு கைகளையும் மடியில் போட்டு, வேறு யாருடையவையோ மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, கெட்டிமேளத்துல எல்லாரும் முன்னால வந்து மறைச்சுக்கிட்டு நின்னுட்டாவ. தாலி கட்டுறது விழவே இல்ல. அது இல்லாம ஒரு கல்யாண கேசட்ட எப்படிக் குடுக்க? க்ளோசப் மட்டும் திரும்ப ஒருக்கா எடுத்துருவோம்னு உன்னைய உக்கார வச்சேன். மாப்ள பீடி குடிக்க மண்டபத்துக்குப் பின்னால போயிட்டாரு. ஆள் விட்டும் வரல. பின்னாலயிருந்து கை மட்டும்தான தெரியும்னு, கேமராவ ஸ்டாண்டுல வச்சிட்டு நானே..." அவர் கைகளை மடியிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "எனக்கே மறந்துபோச்சும்மா. கை எந்திரிக்கவும்தான் தெரியுது."

"நான் திரும்பிப் பாக்கலயே அண்ணாச்சி."

"நீ தூக்கக் கலக்கத்துல இருந்த. விடியக்காலம் முகூர்த்தம்லா."

"சரி."

"நான் வந்து உங்க அத்தைட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் சொல்லிக்கிடுதேன்."

அவர் பெட்டியிலிருந்து மெமரி கார்டை எடுத்து நீட்டினார், நீட்டுகிறபோது அவள் கையில் தன் விரல் பட்டுவிடாமல் ஓரத்தைப் பிடித்து நீட்டினார். எடிட் பண்ணி அந்தத் துண்டை வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லி, கார்டை முந்தியில் முடிந்துகொண்டு அவள் படியிறங்கினாள். அந்தக் கோபம் இருக்கிறதா என்று பார்த்தாள். கோபப்பட ஆள் இல்லை என்று ஆனதும் அதுவும் போயிருந்தது. மறுபடி அந்த மரத்த கன்னம்தான்.

தெருவில் எல்லோரும் இன்னும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள், கேசட் நின்ற பிறகும் யாரும் எழவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கு மணவறைக்கு வந்த மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்த சேக்காளிகள், மாப்பிள்ளை கையால் வெற்றிலை வாங்கியவர்கள், கை குலுக்கியவர்கள் எல்லாம் வெறும் காற்றைக் கட்டிப்பிடித்து, காற்றோடு குலுக்கி முடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவனோடு கிளீனராகப் போய்க்கொண்டிருந்த, அந்தக் கடைசி லோடுக்கு மட்டும் போகாத பட்டுராசன் டீக்கடை பெஞ்சில் அவளைக் கண்டதும் முகத்தைத் துண்டால் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டான். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் வீட்டுக்குள் சொல்லட்டும் என்று ஊர் காத்திருந்தது. பெற்றவள் வாயிலிருந்து சத்தம் கேட்காமல் ஊராராகத் துக்கம் கேட்டுப் போக முடியாதல்லவா.

வீட்டுக்குள் நுழைகிறபோதே மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. கிழவி கட்டிலைவிட்டு இறங்காமல் கையை நீட்டிக் கூப்பிட்டாள்.

"வந்துட்டாண்டி! என் காலத் தொட்டாண்டி, ரெண்டு கையாலயும் தொட்டான். நான் சொன்னேம்லா, எம்பிள்ள இருக்கான்னு சொன்னேம்லா!"

தங்கபுஷ்பம் நிலைப்படியிலேயே நின்றாள்.

"ஆனா கைதான்டி ஒரு மாதிரியா இருந்துச்சு. இவ்வளவூண்டா மெலிஞ்சு போச்சு. உள்ளங்கையெல்லாம் சொரசொரன்னு, வெடிச்சு வெடிச்சு... எங்க கெடந்து என்ன வேல பாக்கானோ. ஒரு எண்ண தேச்சுவிடக்கூட ஆளு இல்ல போலிருக்கு. நீ அவனக் கோவிச்சுக்கிடாத, என்ன? உனக்கும் தெரிஞ்சிருக்குமே, முடிச்சுப் போடுறப்ப?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அதற்கு ஒரு வார்த்தைதான் வேண்டும். அதைச் சொன்னால் கிழவி இன்னும் இருக்கிற காலத்தைச் சந்தோஷமாகக் கழிப்பாள், தெருவும் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும், ஜெபமணி அண்ணாச்சி செத்தாலும் சொல்லமாட்டார். கிழவி வாசலைப் பார்த்தபடி கிடப்பாள், அவள் பொட்டு வைத்துக்கொண்டு பாக்கெட் போடப் போய்வருவாள், குங்குமத் தட்டு அவளிடம் வந்து தயங்கும்.

தங்கபுஷ்பம் கட்டிலுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மாமியாரின் இரண்டு பாதங்களையும் தன் இரண்டு கைகளாலும் பற்றினாள். காலையில் கழுவிய காலில் இன்னும் மஞ்சள் கல்லின் குளிர்ச்சி இருந்தது.

"இந்தக் கையா அத்தை?"

உலகம்மாள் கீழே பார்த்தாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் உதடு மட்டும் ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது, மாப்பிள்ளை கை இரண்டு, பெண் கை இரண்டு, நாலு கை பட்டிருக்கவேண்டும். வெளியே ஒரு சைக்கிள் போனது. கிழவி குனிந்து, காலைப் பற்றியிருந்த கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் போட்டு, உப்பு அரித்த வெடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதான்டி" என்றாள். "இதேதான்."

பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பதின்மூன்று வருஷமாக ஓட்டு வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்த சத்தம், தெருவெல்லாம் கேட்டது. தெருவும் அதற்குத்தான் காத்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்து வந்தார்கள், ஆண்கள் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள், பட்டுராசன் எங்கிருந்தோ ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து போட்டான். சாவு வீட்டுக்கு வருகிற அந்த வரிசையில் வந்தார்கள், வந்து கிழவியைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தர் தோளை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

தங்கபுஷ்பத்துக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் அழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் இன்னும் மாமியாரின் மடியில்தான் இருந்தன. கிழவி அவற்றை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அழ, கண்ணீர் உள்ளங்கை வழியாக இறங்கி வெடிப்புகளுக்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு அது தெரிந்தது. முதலில் லேசாக, பிறகு நன்றாக, பிறகு பல்லைக் கடித்துக்கொள்ளும்படி.

"எரியுது அத்தை" என்றாள்.

உலகம்மாள் விடவில்லை. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.